களவெடுக்காத ஒரு பக்கம்

2009 மே மாதத்துக்குப் பிறகு பாரிசின் லா சப்பலில் கொஞ்சக் காலம் யாரும் யாரோடும் பெரிய விசயங்கள் பேசவில்லை. பேசினால் அழவேண்டும், இல்லாவிட்டால் சண்டை பிடிக்கவேண்டும். இரண்டுக்கும் எங்களிடம் தெம்பு இல்லை. அந்த நேரத்தில் எங்களுக்குக் கைகொடுத்தவை ஊர்ச் சங்கங்கள். நாட்டைப் பற்றிப் பேச வாய் வராதவர்களுக்கு ஊரைப் பற்றிப் பேசுவது சுலபமாக இருந்தது. ஒன்றிரண்டு வருடத்துக்குள் மெத்ரோ வாசலில் இருந்து மரக்கறிக்கடை வரை நடப்பதற்குள் நாலு தலைவர்களுக்கும் ஆறு செயலாளர்களுக்கும் வணக்கம் சொல்லவேண்டிய நிலை வந்துவிட்டது.

எங்கள் ஊர் மிகச் சின்னது. யாழ்ப்பாண வரைபடத்தில் பக்கத்து ஊரின் பெயரைக் கொஞ்சம் பெரிதாக எழுதினால் எங்கள் ஊர் அதற்குக் கீழே மறைந்துபோகும். ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு வாசிகசாலை, ஒரு சங்கக்கடை, அவ்வளவுதான். அந்த ஊருக்கும் பாரிசில் ஒரு சங்கம் வந்தது. வந்த மறுவருடமே இரண்டாக உடைந்தது. உடைந்த இரண்டையும் ஒட்டவைக்க ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழு மூன்றாவது சங்கமாகப் பதிவு செய்துகொண்டது. நான் அந்த மூன்றாவதில் இருந்தேன்.

சங்கம் இருந்தால் ஆண்டுவிழா வேண்டும், ஆண்டுவிழா என்றால் மலர் வேண்டும். மலர் என்பது வழவழப்பான தாளில் அச்சிட்ட ஒரு புத்தகம். ஒருவரும் அதை வாசிப்பதில்லை, ஆனால் தன் படம் எத்தனையாம் பக்கத்தில் வந்திருக்கிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். முன்பாதி முழுக்க வாழ்த்துச் செய்திகள். தலைவர் வாழ்த்துவார், முன்னாள் தலைவர் வாழ்த்துவார், லண்டன் கிளை வாழ்த்தும், கோயில் ஐயர் வாழ்த்துவார். எல்லா வாழ்த்தும் ஒரே மாதிரி இருக்கும். ஏனென்றால் எல்லாவற்றையும் நான்தான் எழுதினேன். பின்பாதி நகைக்கடை, புடவைக்கடை, கொழும்புக்குப் பறக்கிற விமானச் சீட்டு விளம்பரங்கள். நடுவில் நாலு பக்கம் வெறுமையாக இருந்தது. அந்த நாலு பக்கத்தில் எங்கள் ஊரின் வரலாறு வரவேண்டும் என்று செயற்குழு முடிவெடுத்தது.

அதையும் எழுத என்னைத்தான் பிடித்தார்கள். நான் கண்ணாடி போட்டவன், ஏ.எல். வரைக்கும் கலைப்பிரிவில் படித்தவன், பிரெஞ்சில் வீட்டு வாடகை உதவிக்கு விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவன். போதாக்குறைக்கு என் அப்பா முப்பது வருடம் ஊர் வாசிகசாலையின் காரியதரிசியாக இருந்தவர். தலைவருக்கு இந்தக் கடைசித் தகுதிதான் பிடித்தது. அவருடைய பேரனார், அப்பாவின் அப்பா, கட்டியதுதான் அந்த வாசிகசாலை. தலைவர் லா சப்பலில் பலசரக்குக்கடை வைத்திருந்தார், வீடு புறநகர் திரான்சியில். எங்கள் செயற்குழு அந்தக் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளின் மேல் கூடும். தலைவர் மட்டும் கதிரையில் இருப்பார்.

"தம்பி, நாலு பக்கத்துக்கு வடிவா எழுதும். வாசிக்கிறவனுக்குப் புல்லரிக்கோணும்" என்றார்.

புல்லரிக்கிற மாதிரி எங்கள் ஊரில் எதுவும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. வயதானவர்களுக்கு டெலிபோன் எடுத்துக் கேட்டேன். ஒபர்வில்லியேயில் ஒரு பெரியவர் ஒன்றரை மணித்தியாலம் பேசினார். தன் தங்கையின் கலியாணத்துக்கு யார் யார் வரவில்லை, ஏன் வரவில்லை, வராததற்குத் தான் எப்படிப் பதிலுக்குப் பதில் கொடுத்தேன் என்பதுதான் அவருக்குத் தெரிந்த வரலாறு. இன்னொருவர், ஊர் ஆயிரம் வருடப் பழமையானது என்றார். எப்படித் தெரியும் என்றேன். "பழசில்லாமல் பின்னை புதுசே?" என்று கேட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார்.

அந்தக் காலத்தில் நான் ஒரு ஐரிஷ் மதுக்கடையின் குசினியில் வேலை செய்தேன். முதலாளி அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்னக் கிராமத்துக்காரர். தன் ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அடுப்பில் வைத்தது கருகும் வரைக்கும் பேசுவார். எனக்கு அது பழகிப்போன வியாதி, ஆகவே பொறுத்துக்கொள்வேன். ஒருநாள் மத்தியானம் என் கஷ்டத்தைச் சொன்னேன். உடனே உள்ளே போய் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அவருடைய ஊரின் வரலாறு, இளைப்பாறிய பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியது. மாதிரிக்கு வைத்துக்கொள் என்று தந்தார்.

மெத்ரோவில் நாலு நாள் அதை வாசித்தேன். எனக்கு வந்த பொறாமையை மறைக்க விரும்பவில்லை. அந்த ஊரிலும் எங்கள் ஊரைப்போல ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், நாலு கடைதான். ஆனால் அவர்களிடம் என்னவெல்லாம் இருந்தது. கண் நோய் தீர்க்கும் ஊற்று இருந்தது. வருடாவருடம் மாட்டுச் சந்தை இருந்தது. ஊரின் கிழக்குப் பாதியும் மேற்குப் பாதியும் ஆடி, பாதியில் சண்டையாகி, இன்றுவரை முடியாத ஒரு பந்தாட்டம் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கல் இருந்தது. சந்தைத் திடலில் கிடந்த பெரிய உருண்டைக் கல். அதை நெஞ்சு வரைக்கும் தூக்குகிறவன்தான் ஊரில் ஆம்பிளை.

களவெடுத்துவிட்டேன். ஊற்றைக் கோயில் கேணியாக்கினேன். மாட்டுச் சந்தையை அப்படியே விட்டேன், மாட்டுக்கு மொழி கிடையாது. பந்தாட்டத்தைக் கரப்பந்தாக மாற்றினேன். கல்லைக் கோயில் மேற்கு வீதியில் கொண்டுவந்து போட்டேன். யாழ்ப்பாணத்து மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக் கல்தான் வரும், அப்படி ஒரு கருங்கல் அங்கே தானாக முளைக்க வழியில்லை என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் போட்டேன். நாலு பக்கமும் புல்லரித்தது.

அந்தப் புத்தகத்தில் ஒரேயொரு பக்கத்தை மட்டும் நான் தொடவில்லை. பஞ்ச காலத்தில் வாடகை கட்டமுடியாத குடும்பங்களை அந்த ஊரிலிருந்து கலைத்த கதை அது. கூரையைப் பிடுங்கக் கடப்பாரையோடு வந்தவர்கள் வேற்றூரார் இல்லை, அதே ஊரவர்கள். கலைத்தவர்களின் காணியை எடுத்து உழுதவர்களும் அதே ஊரவர்கள். யார் யார் என்று வாத்தியார் பெயர் பெயராக எழுதியிருந்தார். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அதே வீடுகளில் இருக்கிறார்கள். புத்தகம் வந்து இரண்டு வருடத்துக்கு வாத்தியாருக்குப் பக்கத்தில் தேவாலயத்தில் ஒருவரும் இருக்கவில்லையாம். ஏன் அவர் அதை எழுதினார் என்று முதலாளியைக் கேட்டேன். அந்தப் பக்கம் இல்லாவிட்டால் மற்றப் பக்கங்களை யார் நம்புவான் என்று கேட்டார். அவருக்கு எங்கள் செயற்குழுவைத் தெரியாது.

அதே குசினியில் கோப்பை கழுவுகிறவர் எங்கள் ஊர்க்காரர். கோயிலுக்குப் பின்னால், வயல் தாண்டி இருக்கிற குறிச்சி. அந்தக் குறிச்சியில் இருந்தவர்களை நாங்கள் எந்தச் சாதி என்று ஊரில் சொல்வோமோ அதைப் பாரிசில் யாரும் வாயால் சொல்வதில்லை, "அந்தப் பக்கத்து ஆக்கள்" என்போம். வில்லியே லே பெல்லில் இருந்து தினமும் ரயிலில் வருவார். ஏழு வருடம் ஒரே குசினியில் நின்றோம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் என்னை அண்ணை என்பார், நான் அவரை நீர் என்பேன். இரண்டுபேரும் அதைத் திருத்திக்கொள்ளவில்லை. சங்கத்தின் மூன்று பிரிவில் ஒன்றிலிருந்தும் அவருக்கு அழைப்புப் போனதில்லை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, மறந்துபோனார்கள். எங்கள் ஊரில் மறதியும் குறிச்சி பார்த்துத்தான் வரும்.

நான் ஊர் வரலாறு எழுதுகிறேன் என்பதை முதலாளிதான் அவரிடம் சொல்லியிருக்கிறார். ஒருநாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணை, ஒரு வரி போடுவியளோ?"

"என்ன வரி?"

"எங்கட அப்பா ஒரு வாசிகசாலை நடத்தினவர். எங்கட குறிச்சியில, ஓலைக் கொட்டில். பெரிய வாசிகசாலைக்குள்ள எங்கட ஆக்களை விடேல்லை எண்டபடியால் தொடங்கினது. ரெண்டு வருசம் இருந்தது. பிறகு எரிச்சுப்போட்டினம்."

நான் கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எரிச்சது எண்டு போடவேண்டாம் அண்ணை. இருந்தது எண்டு மட்டும் போடுங்கோ. மகள் கேக்கிறாள், அப்பப்பா என்ன செய்தவர் எண்டு. நான் சொன்னால், கூலி வேலைக்குப் போன மனிசன் எப்பிடி லைப்ரரி நடத்தினவர் எண்டு சிரிக்கிறாள். இஞ்சத்தைப் பள்ளிக்கூடத்தில படிக்கிறவள், எழுதின சாட்சி வேணுமாம் அவளுக்கு. புத்தகத்தில ஒரு வரி இருந்தால் காட்டலாம்."

"ஓம், கட்டாயம்" என்றேன். சொல்லும்போது மனதாரத்தான் சொன்னேன். அன்றிரவே மூன்று வரி எழுதியும் சேர்த்தேன். எங்கள் ஊரைப் பற்றி நான் எழுதியதில் விசாரித்து, உண்மை என்று தெரிந்து எழுதியவை அந்த மூன்று வரி மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு அரிசி மூட்டைகளின் மேல் கூடினோம். தலைவர் வரலாற்றை உரக்க வாசித்தார். கேணியில் தலையாட்டினார். மாட்டுச் சந்தையில், "ஓம், எங்கட அப்பு சொல்லுறவர்" என்றார். கல்லுக்கு வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

"இதை ஆர் உமக்குச் சொன்னது?"

பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

"ஏனெண்டால் இந்தக் கல்லைத் தூக்கினது எங்கட பேரனார். அவற்ற பெயரை விட்டுப்போட்டீர்."

செயலாளர் மூட்டையிலிருந்து எழும்பினார். அவர் ஒபர்வில்லியேயில் மொத்தக் கடை ஒன்றில் வேலை செய்கிறவர், அடுத்த வருடமும் அந்தக் கதிரை தலைவருக்குக் கிடைக்கக்கூடாது என்பதற்காகவே சங்கத்தில் இருந்தார்.

"உங்கட பேரனார் முழங்கால் வரைக்கும்தான் தூக்கினவர். தோள் வரைக்கும் தூக்கினது எங்கட ஐயாவின்ர தகப்பன். ஊருக்கே தெரியும்."

"நீர் கண்டனீரோ?"

"நீங்கள் கண்டனீங்களோ?"

அயர்லாந்தில் கிடக்கிற கல்லை யாழ்ப்பாணத்தில் தூக்கியது யார் என்பதற்காக லா சப்பலில் இரண்டு மணித்தியாலம் சண்டை நடந்தது. கடைக்குக் கருவேப்பிலை வாங்க வந்த ஒரு பெரியவரும் உள்ளே வந்து, சின்ன வயதில் அந்தக் கல்லில் இருந்து மாங்காய் தின்றதாகச் சாட்சி சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. கல்லைக் கொண்டுவந்த களைப்பு எனக்கு. கடைசியில் இரண்டு பேரனார்களும் வேறு வேறு வருடத்தில் தூக்கினார்கள், தலைவரின் பேரனார் முதலில் தூக்கினார் என்று சமாதானமானது. அதை எழுத மேலதிகமாக மூன்று வரி தேவைப்பட்டது.

மூன்று வரி சேர்த்தால் மூன்று வரி போகவேண்டும். நாலாம் பக்கத்துக்கு எதிரே நகைக்கடைக்காரரின் வண்ண விளம்பரம் நின்றது, அதை அசைக்கமுடியாது. தலைவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பக்கத்தைத் தடவினார். அவருடைய விரல் ஓலைக் கொட்டிலில் வந்து நின்றது.

"இது தேவையே தம்பி? இப்ப அங்கை அப்பிடி ஒண்டும் இல்லை. எல்லாரும் ஒற்றுமையா இருக்கேக்க ஏன் தேவையில்லாமல்?"

"அந்த வாசிகசாலை இருந்தது உண்மை" என்றேன்.

"இருந்திருக்கும். ஆனால் ஒரு ஊருக்கு ரெண்டு வாசிகசாலை எண்டால், ஏன் ரெண்டு எண்டு கேப்பினமெல்லே? பிறகு உம்முடைய அப்பாவைப் பற்றியும்தான் கேப்பினம். அவர்தானே காரியதரிசி."

அதுவரை தலைவரோடு பேசாமல் இருந்த செயலாளர், "தலைவர் சொல்லுறது சரி" என்றார். அன்றைக்கு அவர்கள் இரண்டுபேரும் ஒத்துப்போன ஒரே விசயம் அதுதான்.

தலைவர் பேனையை என்னிடம் நீட்டினார். நான் வெட்டினேன். யாரும் என் கையைப் பிடித்து வெட்டவைக்கவில்லை. அப்பாவின் பெயரைக் கேட்டதும் கை தானாகப் போனது. வீட்டுக்குப் போகும்போது, அடுத்த மலரில் போடலாம், இதற்கென்று தனிக் கட்டுரையே எழுதலாம் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நித்திரையும் நன்றாகவே வந்தது. அதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

விழா அமோகமாக நடந்தது. புறநகரில் ஒரு மண்டபம், மூன்று மணிக்கென்று போட்டு ஆறு மணிக்குத் தொடங்கியது. இங்கே பிறந்த பிள்ளைகள் பிரெஞ்சில் சிரித்துக்கொண்டு தமிழில் நடனமாடினார்கள். கல் பற்றித் தலைவர் இருபது நிமிடம் பேசினார். லண்டன் கிளைக்காரர் உணர்ச்சிவசப்பட்டு, அழிந்துபோன அந்தக் கல்லை மீண்டும் நிறுவவேண்டும் என்று மேடையிலேயே அறிவித்தார். அடுத்த வருடமே வவுனியாவில் இருந்து லொறியில் ஒரு கருங்கல் போய் இறங்கியது. இப்போது கோயில் மேற்கு வீதியில் சீமெந்து மேடை கட்டி, இரண்டு பேரனார்களின் பெயரையும் சலவைக்கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். ஊருக்குப் போகிற பிள்ளைகள் அதன்முன் நின்று படமெடுத்து அனுப்புகிறார்கள். என் எழுத்தில் நிலைத்து நிற்கிறது என்றால் அது ஒன்றுதான்.

விழா முடிந்து மூன்று கிழமை நான் மலரைக் குசினிக்குக் கொண்டுபோகவில்லை. கோப்பை கழுவுகிறவர் ஒவ்வொரு நாளும் கேட்டார். அச்சுப் பிழை, திருத்துகிறார்கள் என்றேன். பிரதிகள் முடிந்துவிட்டன, திரும்ப அடிக்கிறார்கள் என்றேன். நாலாம் கிழமை, இருக்கட்டும், பார்த்து முடிக்கட்டும் என்று பையில் வைத்துக்கொண்டு போனேன். கடை திறக்க இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. அவர் கழுவுகிற தொட்டிக்கு முன்னால் நின்றார், முழங்கை வரை நுரை. எங்கள் இரண்டுபேருக்கும் நடுவில் எவர்சில்வர் மேசை.

"கை ஈரம் அண்ணை. நீங்களே விரிச்சு வையுங்கோ, நான் பாக்கிறன்."

வரலாற்றின் முதல் பக்கத்தை என் பக்கமாகவே விரித்துவைத்தேன். நான் வாசித்துக் காட்டுவேன், வாசிக்கிறபோது ஏதாவது சமாளிக்கலாம் என்பது என் எண்ணம். தொண்டையைச் செருமினேன். அதற்குள் மேசைக்கு அந்தப்பக்கம் நின்றபடியே அவர் வாசிக்கத் தொடங்கிவிட்டார். தலைகீழாகக் கிடந்த எழுத்தை ஒரு இடத்திலும் தடுக்காமல், முற்றுப்புள்ளியில் நிறுத்தி, பேப்பர் வாசிக்கிற வேகத்தில் வாசித்தார். கேணியும் சந்தையும் முடிந்தது.

"உது என்னெண்டு தலைகீழா வாசிக்கிறீர்?" என்றேன்.

"அப்பா பழக்கினது. அவருக்கு உப்பிடி வைச்சால்தான் எழுத்து விளங்கும். பெரிய வாசிகசாலை யன்னலுக்கு வெளியில நிண்டு படிச்ச எழுத்தெல்லே. பேப்பர் உள்ளுக்கு மேசையில, இருக்கிற ஆளுக்கு நேராய்க் கிடக்கும், இவருக்குக் கவிண்டு கிடக்கும். வீட்டில நேராக் குடுத்தால் அவரால வாசிக்க ஏலாது. கவிட்டுத்தான் குடுப்பம். பக்கத்தில இருந்து பழகினதால எனக்கு ரெண்டு மாதிரியும் வரும்."

மேசையில் தெறித்திருந்த நுரையை மலரில் படாமல் துடைத்தேன்.

"உங்கட அப்பா நல்ல மனிசன் அண்ணை. மற்றவை இவரைக் கண்டால் யன்னலைச் சாத்திப்போடுவினம். உங்கட அப்பா சாத்தமாட்டாராம். ஒரு பக்கம் முடிஞ்சால் நிமிந்து இவரைப் பாப்பாராம், இவர் தலையாட்டின பிறகுதான் மற்றப் பக்கத்தைப் பிரட்டுவாராம். கதைக்கிறேல்லை. கதவும் திறக்கிறேல்லை. ஆனால் அவர் இருக்கிற நாளில முழுப் பேப்பரும் வாசிக்கலாம் எண்டு அப்பா சொல்லுவார்."

முப்பது வருடத்தில் என் அப்பா இதை வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கு அது சொல்லவேண்டிய விசயமாகத் தெரிந்திருக்காது, அல்லது சொல்ல வெட்கப்பட்டிருப்பார். எனக்கு அழுகை வந்தது. அவர் கதவைத் திறக்காததற்காகவா, பக்கத்தையாவது பிரட்டினார் என்பதற்காகவா என்று எனக்குத் தெரியாது.

"பிரட்டுங்கோ அண்ணை" என்றார்.

இல்லை, வரவில்லை, நான்தான் வெட்டினேன் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கவேண்டும். பிரட்டினேன். கரப்பந்தாட்டத்தை வாசித்தார். கல்லை இரண்டு பேரனார்களும் தூக்குவதை வாசித்தார். பெரிய வாசிகசாலையும் தலைவரின் பேரனாரும் என் அப்பாவும் வந்தபோது கொஞ்சம் மெதுவாக வாசித்தார். நாலாம் பக்கம் முடிந்தது. அவர் தலையாட்டினார். நகைக்கடையைப் பிரட்டினேன், புடவைக்கடையைப் பிரட்டினேன். அவர் ஒவ்வொரு விளம்பரத்திலும் சின்ன எழுத்தைக்கூட விடாமல், உதடு அசைய வாசித்துக்கொண்டே வந்தார். கடைசி அட்டையும் முடிந்தது.

தொட்டியில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. பைப்பைப் பூட்டினார். கையை ஏப்பிரனில் நன்றாகத் துடைத்து, மலரை எடுத்து, முதல் தடவையாகத் தன் பக்கம் நேராகத் திருப்பி வைத்தார்.

"மகளுக்கு எந்தப் பக்கத்தைக் காட்டுறது அண்ணை?" என்று கேட்டார்.